சீட்டு நனையாமல் மூழ்குவது எப்படி

1

ஊரில் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். தரைப்பாலத்துக்குக் கீழே, சேற்று வெள்ளத்தில், ஒரு வெள்ளைக் கார் மூக்குக் குப்புறக் கிடக்கிறது. அதன் கூரைமேல் மூன்று பேர். பட்டுப்புடவையோடு தவழ்ந்துகொண்டிருப்பது நான். வேட்டி போய், பட்டாபட்டி டவுசரோடு குந்தியிருப்பது என் அண்ணன் செல்வராஜ். எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துக் கத்துகிறவள் என் மகள் மிருதுளா. யாரோ ஒரு புண்ணியவான் இதற்குக் குத்துப்பாட்டு இசை சேர்த்திருக்கிறார். முடிவில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

நேற்று அது இங்கே, நெதர்லாந்தில், எங்கள் தமிழர் வாட்ஸப் குழுவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அனுப்பியவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். 'கேரளா பார்டரில் நடந்ததாம், செம காமெடி, மிஸ் பண்ணாதீங்க' என்று எழுதியிருந்தார். கூரையில் தவழ்வது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. அடியில் ஒருவர், 'அந்த ஆன்ட்டிக்கு ஒரு மெடல் கொடுங்கப்பா' என்று பதில் போட்டிருந்தார். என் வாய்க்குள் அந்தச் சேற்றின் ருசி மறுபடி ஊறியது. எழுந்து போய்க் கொப்பளித்தேன். போகவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கேலிக்காக அல்ல. பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வரை எங்கள் சொந்தபந்தத்துக்குள் இப்போது உலவுகிற செய்தி, மூன்று பேர் சாகாமல் தப்பினார்கள் என்பது இல்லை. 'வெளிநாட்டில் வளர்ந்த புள்ள, பெத்தவளோட அண்ணனையே வாய மூடுன்னு சொல்லிப்போட்டா' என்பதுதான் செய்தி. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்கவைப்பது தாயின் பொறுப்பாம். அவள் அப்படிச் சொன்னது உண்மை. எப்போது சொன்னாள், எதற்குச் சொன்னாள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

2

கார் ஓட்டத் தெரியும் என்பதற்குக் கேரளத்தில் என்ன அத்தாட்சி என்று நம் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்து எச். மைதானத்தில் கம்பிகளை நட்டு வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே முன்னால் போய், பின்னால் வந்து, கம்பியில் படாமல், நடுவில் நிற்காமல் காரால் அந்த எழுத்தை எழுத வேண்டும். பைக்குக்கு எட்டு. கோவையிலிருந்து வரும் என் அத்தை மகன், "உங்க கவர்மெண்டு ரோட்டுல ஓட்டச் சொல்லுதா, எழுதப் படிக்கச் சொல்லுதா?" என்று கேட்பான்.

எனக்கு எச் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் ஆசான், ஓட்டக் கற்றுக்கொடுக்கவே இல்லை. பின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். சைடு கண்ணாடியில் இன்னொன்று. "மோளே, பொட்டும் கம்பியும் ஒண்ணா வரும்போ ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சோ. வேற ஒண்ணும் ஆலோசிக்கண்டா" என்றார். நான் ஆலோசிக்கவில்லை. பொட்டும் கம்பியும் சேர்ந்தன, ஒடித்தேன், பாஸானேன். இன்ஸ்பெக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அண்ணனின் பழைய காரை எடுத்தேன். அதில் பொட்டு இல்லை. மாட்டுத் தொழுவத்தின் தூண் ஒன்று போயிற்று. அன்றோடு அந்த லைசன்ஸ் அலமாரிக்குள் போய்விட்டது.

நெதர்லாந்தில் அது செல்லாது. முதலிலிருந்து படிக்க வேண்டும். இங்கே தேர்வாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊருக்குள் ஓட்டச் சொல்வார். எழுத்து எழுதச் சொல்வதில்லை. அதற்குப் பதில் கழுத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்பி, சைக்கிள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண் மட்டும் பார்த்தால் போதாது. தலை திரும்புவது அவருக்குத் தெரிய வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவர்தான் இந்த நாட்டின் மகாராஜா. நான் கழுத்தைத் திருகினால் கார் கோணிக்கொண்டு போகும். காரைப் பார்த்தால் கழுத்து திரும்பாது. தோற்றுக்கொண்டே இருந்தேன். ஒரு தேர்வாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, ரோடு உங்களை அடிக்க வருவதுபோல ஓட்டுகிறீர்கள்."

இந்த இரண்டு பரீட்சைகளையும் எழுதிய எனக்கு, உலகத்தில் இதற்குமேல் கோமாளித்தனமான பரீட்சை இருக்க முடியாது என்றுதான் தோன்றியது. மகளுக்குப் பதினெட்டு வயதாகும் வரை.

3

நாங்கள் இருக்கும் சிற்றூரில் தெருவுக்குத் தெரு கால்வாய். பல இடங்களில் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழக் கல்கூடக் கிடையாது. தினமும் அந்த ஓரமாகத்தான் வேலைக்கு சைக்கிளில் போகிறேன். இங்கே பிறக்கும் பிள்ளைகள் எழுதப் பழகும் வயதிலேயே நீந்தப் பழகுகிறார்கள். அதுவும் நீச்சல் உடையில் மட்டும் இல்லை. சட்டை, பேண்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு குளத்தில் குதித்து நீந்திக் காட்டினால்தான் சான்றிதழ். தண்ணீரில் தவறி விழுகிறவன் உடை மாற்றிக்கொண்டா விழுவான் என்பது அவர்கள் வாதம். மிருதுளா சிறுமியாக இருந்தபோது அந்தச் சான்றிதழ் வாங்கிய நாளில், ஷூவோடு தண்ணீரில் இறக்குகிறார்களே என்று நான் அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் கார் ஓட்டப் படிக்கத் தொடங்கியபோது பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். கார் தண்ணீருக்குள் போனால் என்ன செய்வது? தேர்வுக்கு அந்தப் பக்கத்தைப் படித்தால் போதும். ஆனால் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் அதைச் செய்தே பழக்கும் ஒருநாள் வகுப்பும் உண்டு. அவளுடைய தோழிகள் போகிறார்கள், அவளும் போகிறாள். எனக்குப் பகீரென்றது. எந்தத் தாய் மகளை முழுகிப் பழக அனுப்புவாள்? துண்டை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

பாதிக் காரை வெட்டி எடுத்ததுபோல ஒரு கூடு. அதற்குள் பிள்ளைகளை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கிரேனால் தூக்கிக் குளத்துக்குள் இறக்கினார்கள். ஒரு தடவை நேராக. அடுத்த தடவை தலைகீழாக. மேலே வந்த மிருதுளா மூக்கைச் சிந்திக்கொண்டே, "இன்னொரு தடவை" என்றாள்.

பயிற்சியாளர் பெரிய மீசைக்காரர். அவர் சொன்னது மிகவும் கொஞ்சம். பெல்ட், கண்ணாடி, வெளியே. கதவைத் தொடாதே, வெளியே நிற்கும் தண்ணீர் உன்னைவிடப் பலசாலி. போன் பண்ணாதே. யாரையும் காத்திருக்காதே. விழுந்ததும் கார் கொஞ்ச நேரம் மிதக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், அப்போதுதான் எல்லோரும் யோசிக்கத் தொடங்குவார்கள், யோசித்தவர்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள்.

நான் கையைத் தூக்கினேன். சீட்டின் தலையணையைப் பிடுங்கி அதன் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம் என்று வாட்ஸப்பில் வந்ததே என்று கேட்டேன். "நீங்கள் அதைப் பிடுங்கி முடிப்பதற்குள் மீன்கள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடும்" என்றார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மிருதுளா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அம்மாவை வெளியே கூட்டிவந்திருக்கவே கூடாது என்ற பார்வை.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்புள்ள, நாங்க இங்க தென்னைக்கு உட தண்ணியில்லாமச் சாகறோம். நீங்க அங்க தண்ணிக்குள்ள காரோட்டப் படிக்கறீங்களா? பணத்தக் குடுத்து முழுகறதுக்கு ஒரு இஸ்கோலு!"

நானும் சிரித்தேன்.

4

ஆவணி முகூர்த்தத்தில் கோபாலபுரம் பக்கம் ஒரு கல்யாணம். விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் மிருதுளாவையும் அண்ணன் தன் புதுக் காரில் கூட்டிப் போனார். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. புதுக் கார் என்றால், வாங்கி மாதங்கள் ஆகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத கார். அதன்மேல் ஒரு துண்டு விரித்து, அதன்மேல்தான் உட்கார வேண்டும். பட்டுப்புடவை வியர்த்து ஒட்டிக்கொள்ளும். "உறையப் பிரிச்சா என்னண்ணா?" என்று கேட்டதற்கு, "பிரிச்சா பழசாயிருமல்லோ" என்றார். பின் சீட்டில் நான். என் பக்கத்தில் பரிசுக் காகிதம் சுற்றிய குக்கர். மிருதுளா முன்னால். பின் சீட்டிலும் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று அவள்தான் என்னைப் போடவைத்தாள்.

மேலே மலையில் நல்ல மழை. ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தின்மேல், நம் பக்கத்துப் பேச்சில் நிலம்பதியின்மேல், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம். எது பாலம், எது ஆறு என்று தெரியவில்லை.

"மாமா, ரோட்டுக்கு மேல தண்ணி போகுது. திரும்பிப் போயிரலாம்" என்றாள் மிருதுளா.

"இதெல்லாம் ஒரு தண்ணியா சாமி? டவுசர் போட்ட காலத்துலருந்து இதுல வண்டி ஓட்டறவன் நானு. சுத்திப் போனா பந்தி முடிஞ்சு மோர்தான் கெடைக்கும்."

"அங்கெல்லாம் இப்படி இருந்தா ரோட்டை மூடிருவாங்க."

"இங்கயும் மூடலாம். மூடறவன் பந்திக்குப் போயிருப்பான்."

நான் சிரித்தேன். பாதிப் பாலத்தில் எஞ்சின் இருமி நின்றது. பின்பக்கத்தை யாரோ பிரியமாகத் தள்ளிவிடுவதுபோலக் கார் பக்கவாட்டில் நகர்ந்தது. நகர்ந்து, ஓரத்தைத் தாண்டி, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

மீசைக்காரர் சொன்னது சரிதான். மிதந்தோம். ரேடியோவில் பாட்டுக்கூட நிற்கவில்லை. ஒரு கல்லிலோ தென்னங்கட்டையிலோ கார் முட்டி நின்று ஆடிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் போனை எடுத்தார்.

"டேய் மணி, எங்கிருக்கறே? டிராக்டர எடுத்துக்கிட்டு நிலம்பதிக்கு வாடா. ஆமாண்டா, வடமும் கொண்டா."

அதற்குள் மிருதுளா தன் பெல்ட்டைக் கழற்றிக் கண்ணாடியை இறக்கியிருந்தாள். ஒரு வாளி அளவு சேற்றுத்தண்ணீர் உள்ளே அடித்தது.

"ஏய், கண்ணாடிய ஏத்து புள்ள! சீட்டு நனையுது!"

அவர் தன் பக்கத்துப் பொத்தானால் அதை ஏற்றினார். அவள் இறக்கினாள். அவர் மறுபடி ஏற்றி, இனி யாரும் இறக்க முடியாதபடி பூட்டுப் பொத்தானையும் அழுத்தினார். கால் மாட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பின் சீட்டிலிருந்து நான் சொன்னேன்: "மிருது, மாமா சொல்றதைக் கேளு."

அண்ணன் சொன்னால் கேட்பது எங்கள் வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. மூச்சு நிற்கப் போகிற நேரத்திலும் என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "வாய மூடு மாமா! பெல்ட்டக் கழட்டு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவர் மடிமேல் குறுக்காகப் பாய்ந்து, அவர் பக்கத்துக் கதவிலிருந்த பூட்டை விடுவித்து, எல்லாப் பொத்தான்களையும் ஒரே கையால் அழுத்தினாள். நான்கு கண்ணாடிகளும் இறங்கின. ஆறு உள்ளே வந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம். சாணமும் டீசலும் அழுகிய வாழைமட்டையும் கலந்த ஒரு நாற்றம். யாரோ வீசிய குழந்தையின் அணையாடை ஒன்று என் கன்னத்தில் ஒட்டிப் போனது. சீட்டு உறைகள் கழன்று ஜெல்லி மீன்போல முகத்தில் மோதின. அவள் முதலில் வெளியேறிக் கூரையில் ஏறி, என் ரவிக்கையைப் பிடித்து ஜன்னல் வழியாக இழுத்தாள். அண்ணனின் வேட்டி கியரில் சிக்கிக்கொண்டது. "விடுங்க, அதை விடுங்க!" என்று அவள் கத்த, அவர் ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் போனையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் வேட்டியை உருவி ஆற்றில் விட்டாள்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தென்னந்தோப்பிலிருந்து ஓடிவந்த சிலர் கயிறு வீசினார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். மீதிப் பேர் கையில் போன். "சேச்சி, இங்ஙோட்டு நோக்கிக்கே!" என்று ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான். காப்பாற்றத்தான் தன் பக்கம் பார்க்கச் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பினேன். படம் எடுப்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறான். கயிற்றைப் பிடித்து நாங்கள் கரையேறியபோது பின்னால் காரின் கூரை முழுகியது. கூட்டத்திலிருந்து அப்போதுதான் முதன்முறையாக ஒரு பரிதாபக் குரல் எழுந்தது.

"ஐயோ பாவம், புது வண்டியாச்சே! கவருகூடப் பிரிக்கல பாருங்க."

குக்கர் தனியாக மிதந்து போய்க் கீழே யாருக்கோ கிடைத்ததாகப் பின்பு கேள்விப்பட்டேன்.

5

ஜேசிபி வைத்து எடுத்த காரை அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துக்கம் விசாரிக்க வருவதுபோல ஆட்கள் வந்தார்கள். சுற்றி வந்து பார்த்து, உச்சுக் கொட்டி, அண்ணியிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் மூவரையும் யாரும் சுற்றி வந்து பார்க்கவில்லை.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் பாலக்காட்டிலிருந்து வந்தார். காருக்குள் டார்ச் அடித்தார். "நாலு கிளாஸும் தொறந்து கிடக்குன்னல்லோ. கிளாஸ் தொறந்ததுகொண்டல்லே உள்ளே வெள்ளம் கேறியது?" என்றார். அடைத்திருந்தால் உள்ளே மூன்று பிணம் இருந்திருக்கும் என்றேன். "அது வேற டிப்பார்ட்மென்ட்" என்றார். சத்தியமாக, சிரிக்காமல் சொன்னார்.

அண்ணன் மெல்ல மிருதுளாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எல்லாம் தொடங்கியது. அன்றுவரை, "அந்தப் புள்ள இல்லீன்னா நாங்க இல்லீங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து "அவசரப்பட்டுக் கண்ணாடியத் தொறந்துபோட்டா" என்று சொல்லத் தொடங்கினார். அதற்கு மறுநாள், 'வாய மூடு' வெளியே வந்தது. அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"உசிரக் காப்பாத்துனா, செரி. ஆருமே இல்லீங்கல. அதுக்காவத் தாய்மாமனைப் பாத்து வாய மூடுன்னு சொல்லோணுமா? ஊட்டு நாயக்கூட நாங்க அப்படிச் சொல்றதில்ல."

"அப்ப, 'தயவுசெஞ்சு வாய மூடுங்க மாமா'ன்னு சொல்லியிருந்தாச் செரிங்களா அண்ணி?"

அண்ணி யோசித்தார். "சொல்லியிருக்கலாமல்லோ" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஒருத்தி சாகிற நேரத்தில்கூட '-ங்க' போட்டுச் சாக வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனிதர்களுக்கு நடுவில்தான் வளர்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் குமட்டியது. அந்த மனிதர்களில் நானும் ஒருத்தி என்பது இன்னும் குமட்டியது.

மிருதுளா ஒளிந்துகொள்ளவில்லை. கூடத்தில் எல்லோர் முன்னாலும், அவளுடைய ஒடிந்த தமிழில் சொன்னாள்: "நான் சாரி சொல்றேன். முதல்ல மாமா சொல்லணும், கண்ணாடி ஏத்தினது தப்புன்னு." அண்ணன் காது கேட்காதவர்போலத் துண்டை உதறினார். "அப்ப சரி. மாமா ஓட்டுற எந்த வண்டியிலயும் நான் ஏற மாட்டேன்" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டதும் உதறினாள்.

"நீயும்தானே ஏத்தச் சொன்னே."

"ஆமா. சொன்னேன். தப்பு."

பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஆற்றில் நடுங்காதவள் அங்கேதான் நடுங்கினாள்.

கீழே இறங்கியபோது அண்ணி மறுபடி பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுடச் சொல்லு கண்ணு. உங்கண்ணன் தலையெடுத்து நடக்க வேண்டாமா? நீ சொன்னாக் கேப்பா."

"அவ நான் சொன்னதைக் கேக்காததுனாலதான் அண்ணி, நாம இப்ப நின்னு பேசிக்கிட்டிருக்கறோம்."

அதற்குமேல் அந்த வீட்டில் என்னோடு யாரும் அதிகம் பேசவில்லை. சோறு போட்டார்கள். ரசம் வேண்டுமா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். இங்கே திரும்பி வந்த பிறகும் காரில் ஏறினால், குளிரோ மழையோ, என் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுத்தான் உட்காருகிறேன். என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார், ஒன்றும் கேட்பதில்லை.

6

நாங்கள் புறப்படும் நாளில், கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட அண்ணன் நண்பரிடம் ஒரு கார் இரவல் வாங்கி வந்திருந்தார். வாசலில் நிறுத்தி, துடைத்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்துவிட்டார்கள். அந்தக் காரில் நாங்கள் ஏறினால் பேச்சு முடிந்துவிடும். ஏறாவிட்டால் அண்ணன் ஆயுசுக்கும் தலைகுனிவார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிருதுளாவும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க பஸ்ஸுலயே போயிக்கறோம்ணா" என்றேன்.

நான் என் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். மண் ரோட்டில் சக்கரம் உருளவில்லை. ஒரு கையில் தன் பெட்டியோடு மிருதுளா ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பின்னாலேயே கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏஞ்சாமி, பெட்டியாச்சும் என்ற வண்டியில வரட்டுமா?"

மிருதுளா நிஜமாகவே யோசித்தாள். "பெட்டி வரலாம்" என்றாள்.

அவர் பெட்டிகளைத் தூக்கிப் பின் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பெல்ட் போட்டுவிட்டார். பஸ் வந்தது. வழியெல்லாம் மழை. பஸ்ஸின் கூரை ஒழுகியது, ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. எங்கள் பின்னாலேயே அந்தக் கார், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் நின்று நின்று வந்தது. உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவின் பின்னாலும் வந்தது.

விமான நிலைய வாசலில் அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். துண்டால் மேலே ஒரு தட்டுத் தட்டினார். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"தொட்டுப் பாரு புள்ள" என்றார் என்னிடம். "ஒரு சொட்டு ஈரம் படல."

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, நானும் என் மகளும் அந்தப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தோம்.